கந்தக பூமியிலிருந்து எரிமலைத் தீவுக்கு

அச்சங்குளத்துக்காரர்களுக்குக் கந்தகத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டை, சாத்தூர் என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் பட்டாசு ஆலைகள்தான். வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பவுடரையும் கலந்தால் கிடைக்கிற கலவைக்கு இங்கே ‘மருந்து’ என்று பெயர். அந்த மருந்தோடு புழங்கித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், மகளுக்கு நகை சேர்க்கிறார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று இந்த ஊர் ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அன்றைக்குத்தான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு அச்சங்குளம் என்ற பெயரே தெரிந்தது.

தமிழ்நாட்டின் இந்த மூலையைக் ‘கந்தக பூமி’ என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். இந்தியாவில் உண்மையாகவே பூமிக்குள்ளிருந்து கந்தகப் புகை கிளம்பும் எரிமலை ஒன்று வங்காள விரிகுடாவைத் தாண்டி, அந்தமான் கடலில் இருக்கிறது. பாரன் தீவு என்று பெயர். தெற்காசியாவிலேயே இன்றைக்கும் உயிரோடு இருக்கும் எரிமலை அது ஒன்றுதான். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி அந்தமான் தீவுக் கூட்டத்துக்குப் போய், சின்னப் படகில் எரிமலையைச் சுற்றிப் பார்த்துத் திரும்ப, பட்டாசு ஆலைக் கூலியில் வாழும் குடும்பத்தால் முடியுமா? முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஒரே வாரத்தில் நடக்காது. ஒரு வருடத் திட்டம் வேண்டும், பன்னிரண்டு பேர் சேர வேண்டும், அரசுக் கப்பல் தொடர்ந்து ஓட வேண்டும்.

கடலுக்குள் ஒரு மலை

அந்தமான் முழுவதுமே எரிமலைத் தீவுகள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஊர்களும் காடுகளும் இருக்கும் பெரிய தீவுகள், பர்மாவின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி மறுபடி தலைகாட்டிய முதுகுகள். அவற்றுக்குக் கிழக்கே, ஆழ்கடலில் தனியாக நிற்கும் பாரனும் நார்கொண்டமும்தான் நெருப்பில் பிறந்தவை. இந்தியாவைச் சுமக்கும் நிலத்தட்டு பர்மாத் தட்டுக்குக் கீழே நழுவிச் செல்கிறது. கீழே போன பாறையிலிருந்து வெளியேறும் நீர், மேலே உள்ள சூடான பாறையை உருக வைக்கிறது. அந்தக் குழம்பு மேலேறி வந்த வழிகள்தான் இந்த இரண்டு தீவுகளும். 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையை அடித்துப்போட்ட சுனாமியைக் கிளப்பியதும் இதே தட்டுகளின் உரசல்தான். அடுத்த ஆண்டு மே மாதம் பாரன் மறுபடி வெடிக்கத் தொடங்கியது.

பாரன் தீவின் பரப்பு எட்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உச்சி சுமார் 350 மீட்டர். சின்னக் குன்று என்று தோன்றும். ஆனால் அதன் அடிவாரம் கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. நாம் பார்ப்பது மலையின் நுனியை மட்டும். பதிவான முதல் வெடிப்பு 1787-ல். 1789-ல் அந்த வழியாகப் போன ஆர்ச்சிபால்ட் பிளேர் அது எரிந்துகொண்டிருந்ததைப் பார்த்து எழுதி வைத்தார். போர்ட் பிளேர் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. 2024 செப்டம்பரிலிருந்து அந்த நகரம் ஸ்ரீ விஜயபுரம். 19-ஆம் நூற்றாண்டில் சில முறை கனன்றுவிட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்த மலை, 1991-ல் விழித்துக்கொண்டு ஆறு மாதம் ஓயாமல் கக்கியது. அதன்பின் 1994-95, 2005 என்று அடிக்கடி. 1993-ல் அங்கே கட்டிய கலங்கரை விளக்கமும் பிந்தைய வெடிப்புகளில் அழிந்துபோனது. 2025 செப்டம்பரில்கூட இரண்டு முறை சிறிதாக வெடித்தது.

2017 ஜனவரி 23 அன்று, கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள் ‘சிந்து சங்கல்ப்’ என்ற ஆய்வுக் கப்பலில் எரிமலைக்கு ஒரு மைல் தூரத்தில் கடலடி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். எதிர்பாராமல் மலை சாம்பலைத் துப்பத் தொடங்கியது. ஐந்து, பத்து நிமிடம் கக்கும், ஓயும், மறுபடி கக்கும். பகலில் சாம்பல் மேகம் மட்டும்தான் தெரிந்தது. பொழுது சாய்ந்த பிறகுதான் வாயிலிருந்து சிவப்புக் குழம்பு பீறிட்டு, சரிவில் வழிந்ததைப் பார்த்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மருந்து செலுத்தி அடுக்குகிற புஸ்வாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கீழே அடைபட்ட வாயு, குறுகிய வாய், விட்டுவிட்டு மேலே எழும் தீப்பொறி. பாரனின் வழக்கமான வெடிப்பு அந்த வகைதான். அளவுதான் மலையளவு.

நல்ல வானிலையில் படகு தீவின் கிழக்குப் பக்கம் வரும்போது பச்சைதான் முதலில் தெரியும். பழைய பெருவாயின் சுவர் அது. காடு மூடிக் கிடக்கிறது. மேற்கே சுற்றி வந்தால் சுவர் உடைந்து, உள்ளே இருக்கும் கூம்பு அப்படியே திறந்து நிற்கும். கூம்பின் அடியிலிருந்து கறுப்புப் பாறைக் குழம்பு உறைந்து கடல் வரைக்கும் இறங்கியிருக்கிறது. தண்ணீரைத் தொட்ட இடத்தில் அது திடீரென்று குளிர்ந்து நொறுங்கியதால் ஓரமெல்லாம் கூர்கூராக நிற்கிறது, மணலும் கறுப்பு. மலை கனன்றுகொண்டிருந்தால் காற்று நம் பக்கம் திரும்பும்போது கந்தக நெடி வரும். சாத்தூர்க்காரருக்கு மூக்கே சொல்லிவிடும்.

இந்த இடத்திலும் உயிர்கள் இருக்கின்றன. பழந்தின்னி வௌவால்கள், எலிகள், பறவைகள். பிரிட்டிஷ் காலத்தில் யாரோ விட்டுப்போன ஆடுகளின் சந்ததி காட்டு ஆடுகளாகி, இத்தனை வெடிப்பையும் தாண்டி வாழ்கிறது. மனிதர் ஒருவரும் இல்லை. தண்ணீருக்குள் இன்னும் செழிப்பு. கறுப்புப் பாறைச் சுவர்களில் பவளம் ஒட்டி வளர்ந்திருக்கிறது. தெளிந்த நீரில் கொம்புத் திருக்கைகள் வந்து சுற்றுகின்றன. உலகெங்கும் உள்ள ஆழ்கடல் முக்குளிப்பவர்கள் பெரும் பணம் செலவழித்து இங்கே வருவது இதற்காகத்தான்.

கப்பலில் மூன்று நாள்

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்குக் கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அரசுப் பயணிகள் கப்பலுக்கு மூன்று நாள் அளவில் ஆகும். நன்கவுரி, நிகோபார், சுவராஜ் தீப் போன்ற கப்பல்கள் இந்தத் தடத்தில் ஓடியிருக்கின்றன. ஆயிரம் பேருக்கு மேல் ஏறுவார்கள். உயர்ந்த வகுப்பில் கேபின்கள்; கீழ்த்தளத்தில் வரிசை வரிசையாக அடுக்குப் படுக்கைகள் போட்ட கூடம். அதற்குப் ‘பங்க்’ என்று பெயர். தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம். நம்மைப் போன்ற வெளியாருக்கு அதைவிட அதிகம் என்றாலும், பங்க் சீட்டு ஒரு கூலிக் குடும்பம் சேர்த்து வைக்கக்கூடிய தொகைக்குள் இருக்கிறது.

அந்தமானில் கட்டட வேலை பார்க்கும் ராமநாதபுரத்துக்காரர், லீவு முடிந்து திரும்பும் அரசு ஊழியர், கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்துபோகும் பெண் – எல்லோரும் அந்தப் பங்க்கில்தான் இருப்பார்கள். அந்தமான் தமிழர்கள் நம் ஊரை ‘மெயின்லேண்ட்’ என்பார்கள். தீவில் எங்கே தங்கினால் செலவு குறையும், எந்த ஜெட்டியில் எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் இவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கரை சேர்வதற்குள் தெரிந்துவிடும். எந்த ஏஜென்டும் இவ்வளவு சொல்லமாட்டார்.

முதல் நாள் தலைசுற்றலும் குமட்டலும் பலருக்கு வரும். டாக்டரிடம் முன்பே கேட்டு மாத்திரை வாங்கி வைப்பது நல்லது. கேன்டீனில் காசு கொடுத்துச் சாப்பிடலாம். ஆனாலும் சாத்தூர்ச் சேவு இரண்டு கிலோவும் இட்லிப் பொடியும் பையில் இருந்தால் மூன்று நாளில் நண்பர்கள் பத்துப் பேர் கிடைப்பார்கள்.

இரண்டாம் நாள் காலை டெக்குக்குப் போய் நில்லுங்கள். நான்கு பக்கமும் கரை இல்லை. கப்பலின் மூக்கு கிழிக்கும் அலையிலிருந்து வெள்ளியாகச் சிதறி எழும்புபவை பறவைகள் அல்ல, கோலா மீன்கள். மீனவர்கள் பறவைக் கோலா என்பார்கள். தண்ணீரைவிட்டு எழும்பியதும் பக்கத் துடுப்புகளை விறைப்பாக விரித்துக்கொள்ளும். இறக்கை அடிப்பதே இல்லை. காற்றில் சறுக்குகிறது, அவ்வளவுதான். வேகம் குறைந்து தாழ வரும்போது வாலின் நீண்ட கீழ்ப்பாதியை மட்டும் தண்ணீரில் முக்கிப் படபடவென்று அடித்து, மறுபடி எழும்பிப் போகும். அதைத் துரத்திக்கொண்டு கீழே பெரிய மீனும் மேலே கடற்பறவையும் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் ஓங்கில்கள் கூட்டமாகக் கப்பலோடு ஓடிவரும். வனவிலங்குக் கப்பல் பயணம் என்று வெளிநாட்டு நிறுவனங்கள் லட்சக்கணக்கில் விற்பதில் ஒரு பங்கு இந்தப் பங்க் சீட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நம்மில் பலர் அதைத் தூங்கிக் கழிக்கிறோம்.

ஒரு யோசனை. போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்குச் சில கப்பல்தான். தேதியும் கடைசி நேரத்தில் மாறும். திரும்பும் கப்பலை நம்பி வேலைக்கு வந்து சேர முடியாமல் போனால் போர்மேனிடம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். பல மாதம் முன்பே எடுத்தால் சென்னை விமானச் சீட்டு கட்டுப்படியாகும்.

கடைசி 140 கிலோமீட்டர்

பணம் இளைக்கிற இடம் இதுதான். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் பாரன். தினசரி படகு கிடையாது. தனியார் படகை வாடகைக்கு எடுத்து, வனத்துறை அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். ஒரு குடும்பம் தனியாக எடுத்தால் ஓர் ஆண்டுச் சேமிப்பு போய்விடும். எரிமலையைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் கப்பல் பயணங்களும் எப்போதாவது அறிவிக்கப்படுகின்றன. ராத்திரி கிளம்பி, விடியும்போது தீவை அடைந்து, சுற்றிவிட்டுத் திரும்பும் வகை. ஆனால் எப்போது என்று முன்கூட்டித் தெரிவதில்லை. விருதுநகர் மாவட்டத்திலிருந்து வருகிறவருக்கு எப்போதாவது என்பது பயன்படாது.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திருச்செந்தூருக்கோ குற்றாலத்துக்கோ போக வேன் பிடித்தால், வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுவது வழக்கம். பாரனுக்கும் அதே கணக்குத்தான். பன்னிரண்டு பேர் ஊரிலேயே சேர்ந்து, வருடம் முழுவதும் சீட்டுப் போட்டுச் சேர்த்து, ஒரு படகை எடுத்தால் தலைக்கு வருவது சமாளிக்கக்கூடிய தொகை. ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் ஒரே படகில் இருப்பதில் வேறு நன்மையும் உண்டு: அலை கூடினால் திரும்பிவிடலாம் என்று சேர்ந்து முடிவெடுக்கலாம். கொடுத்த காசுக்காகப் படகுக்காரரை நெருக்கிப் போகச் சொல்வதுதான் ஆபத்து. உயிர்காப்பு மிதவை, ரேடியோ, அனுமதிக் கடிதம் மூன்றையும் ஏறும்முன் கண்ணால் பாருங்கள். விதியை மீறி அதிகம் பேரை ஏற்றிய ஆலையில் என்ன நடக்கும் என்று தெரிந்த ஊர் நம்முடையது.

பாரனில் யாரும் இறங்கக் கூடாது. பணக்காரர் தனிக் கப்பலில் வந்தாலும் கடலில் நின்றுதான் பார்க்க வேண்டும். எரிமலை எந்த நிமிடமும் வெடிக்கலாம் என்பது ஒரு காரணம். மனிதக் கால்படாமல் அந்தத் தீவு தன்னைத் தானே மறுபடி மூடிக்கொள்வதைக் கவனிக்க வேண்டும் என்பது இன்னொன்று. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்திருக்கிறது. கூம்பும் புகையும் கறுப்புக் கரையும் எல்லாச் சீட்டுக்காரருக்கும் ஒரே தூரத்தில்தான் தெரியும்.

ஈக்வடார் நாட்டின் கலாபகஸ் தீவுகளை ஒப்பிடலாம். 1835-ல் டார்வின் போய் இறங்கிய எரிமலைத் தீவுக் கூட்டம். அங்கே சுற்றுலாக் கப்பலில் அதிகபட்சம் நூறு பேர். கரையில் இறங்கினால் பதினாறு பேருக்கு ஒரு வழிகாட்டி. விலங்கிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணத்தை 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தினார்கள். குறைந்த செலவில் பார்க்க விரும்புகிறவர்கள் வாரக் கணக்கில் கப்பலில் தங்காமல், ஊரில் அறை எடுத்து, பகல் படகுகளில் போய்வருகிறார்கள். அந்த ஒழுங்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை. கட்டணத்தை ஏற்றி ஏழையை வடிகட்டும் வழி அந்தமானுக்கு வேண்டாம். மாதம் இரண்டு முறை, கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், குறித்த தேதியில், அளவான பேரோடு ஓர் அரசுக் கப்பல் பாரனைச் சுற்றி வரட்டும். தேதி ஆறு மாதம் முன்பே தெரியட்டும். உல்லாசக் கப்பல்களுக்குத் துறைமுகம் கட்டுவதைவிட இது குறைந்த செலவு.

பார்க்கக் கிடைக்காத பறவை

பாரனுக்கு வடக்கே நார்கொண்டம். 710 மீட்டர் உயரம், ஏழு சதுர கிலோமீட்டர் பரப்பு, உறங்கிப்போன எரிமலை. உலகத்தில் இந்த ஒரே தீவில் மட்டும் வாழும் இருவாச்சி இனம் ஒன்று இருக்கிறது. ஆணுக்குச் செம்பழுப்புத் தலை, பெண்ணுக்குக் கறுப்பு. எல்லா இருவாச்சியையும் போலவே பெண் மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சின்னக் கீறல் வழியாக ஆண் பழம் ஊட்டும். 2019-20 குளிர்காலத்தில் நடந்த ஆய்வு, தீவில் ஆயிரத்தை ஒட்டிய பறவைகள் இருப்பதாகக் கணக்கிட்டது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு இவ்வளவு இருவாச்சிகள் உலகில் வேறெங்கும் இல்லை.

ஆயிரம் பறவை என்பது ஒரு பெரிய புயலுக்கோ ஒரு காட்டுத் தீக்கோ ஈடுகொடுக்கக்கூடிய எண்ணிக்கை அல்ல. அங்கே 1969 முதல் காவல் நிலையம் இருக்கிறது. காவலர்களின் உணவுக்காக விட்ட ஆடுகள் பெருகி, மரக்கன்றுகளை மேய்ந்து, காடு வளராமல் தடுத்தன. பிறகு அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. கடலோரக் காவல்படை ரேடார் வைக்கக் கேட்டபோது, 2012-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெயந்தி நடராஜன் மறுத்தார். 2014-ல் அடுத்து வந்த அரசு அனுமதித்தது. நாட்டின் காவலும் வேண்டியதுதான். ஆனால் ரேடாருக்குச் சாலை போட வெட்டும் ஒவ்வொரு பெரிய மரமும் ஒரு கூடு.

நார்கொண்டத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை. அனுமதிக்கச் சொல்லியும் நான் கேட்கமாட்டேன். பறவை பார்க்க ஆசை உள்ளவர்கள் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் சிடியா டாப்புவுக்குப் போகலாம். வடக்கே டிக்லிபூர் போனால் காலிப்பூர் கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வரும். டிக்லிபூருக்குப் பஸ்ஸைவிடக் கப்பலில் போவதையே சொல்வேன். பஸ் போகும் டிரங்க் ரோட்டின் ஒரு பகுதி ஜாரவா மக்களின் காட்டை அறுத்துக்கொண்டு போகிறது. 2002-ல் உச்ச நீதிமன்றம் அதை மூடச் சொன்னது, இன்னும் மூடவில்லை. பயணத் திட்டத்தில் ‘ஜாரவாக்களைப் பார்க்கலாம்’ என்று ஆசை காட்டுகிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் சீட்டு எடுக்காதீர்கள்.

எப்போது போவது?

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக் கிடக்கும். போனஸும் கையில் இருக்கும். ஆனால் அந்த ஐப்பசி, கார்த்திகைதான் வங்கக் கடலில் புயல் காலம். கப்பல் கிளம்பினாலும் சின்னப் படகு பாரனுக்குப் போகாது. கடல் படிந்திருப்பது தை முதல் சித்திரை வரை. தையிலும் மாசியிலும் வேலை நெருக்கும், பங்குனியில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஆகவே நம் பக்கத்துக்குப் பொருத்தமான நாள், முழு ஆண்டுத் தேர்வு முடிந்து சிவகாசி சித்திரைப் பொங்கலை ஒட்டி வரும் விடுமுறை. அதோடு ஒரு வாரம் சேர்த்து லீவு கேட்க வேண்டும். மே நடுவில் தென்மேற்குப் பருவக்காற்று அந்தமானைத் தொட்டுவிடும். அதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் போய்ப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன. அவை எரிமலையில் அல்ல, பவளத்தில் எழுந்தவை. பாம்பன் குந்துகாலிலிருந்து அங்கேயும், பாக் விரிகுடாப் பக்கம் தொண்டிக்கருகே காரங்காட்டிலிருந்தும் வனத்துறை ஏற்பாட்டில் படகுகள் போகின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பயணத்தில் முடிந்துவிடும். யாருக்குப் படகு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பன்னிரண்டு பேருக்கும் அன்றைக்கே தெரிந்துவிடும். 2022-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த கடல்பசுப் பாதுகாப்பகம் காரங்காடு இருக்கும் அதே பாக் விரிகுடாவில்தான். அந்தமானின் மாநில விலங்கும் அதே கடல்பசுதான்.

பிறகு சாத்தூரில் ராத்திரி ரயில் ஏறினால் காலையில் எழும்பூர். கப்பல் சீட்டு கொடுக்கும் அலுவலகங்கள் சென்னை ராஜாஜி சாலையில், துறைமுகத்துக்கு எதிரிலேயே இருக்கின்றன. ஆதார் அட்டையின் நகலும் போட்டோவும் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு கேட்கும்போது, பாரன் தீவுக்கு அரசுக் கப்பல் எப்போது என்றும் சேர்த்துக் கேளுங்கள். அங்கே பதில் இல்லாவிட்டால் அந்தமான் கப்பல் போக்குவரத்து இயக்ககத்துக்கு ஊர்ப் பெயரோடு, பன்னிரண்டு பேர் கையெழுத்தோடு எழுதிப் போடுங்கள். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் கப்பலை ஓட்டுவார்கள்.